மேற்கே போன நாடாக்கள்

சனிக்கிழமை காலை மேவிஸ் என்னைத் திட்டினாள். முட்டை சாண்ட்விச்சை நான் முக்கோணமாக வெட்டியிருந்தேன்.

“முக்கோணம் கல்யாண வீட்டுக்கு, ஹெட்லி. மேட்டுக்குப் போறப்ப சதுரம். மூக்கு பைக்குள்ள உடைஞ்சு முட்டை பூரா மேப்புல ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டுமே. மேப்புல மஞ்சள்னா புல்வெளின்னு அர்த்தம். இலவசமா ஒரு வயல் கிடைச்ச மாதிரி.”

அவள் சிரிக்கவில்லை. கத்தியை என்னிடமிருந்து வாங்கி மீதி ரொட்டியைச் சதுரமாக வெட்டினாள். எங்கள் வீட்டில் நடந்த கடைசிச் சாதாரணக் காரியம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை போட்டி, செவ்வாய்க்கிழமை மேவிஸ் இல்லை. செவ்வாய்க்கிழமையை எழுத எனக்குக் கை வரவில்லை. சனிக்கிழமையை எழுத முடிகிறது. அன்று அவள் ஒரு குற்றவாளியைப் பிடித்தாள்.

மேவிஸ் கார்சைடு வேலை பார்த்தது எடையளவு ஆய்வாளராக. அவளுடைய பச்சைத் தொப்பி தெருமுனையில் தெரிந்தால் போதும், கசாப்புக் கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு குற்றங்களுக்குப் பஞ்சமாகிவிட்டது. ஆகவே மேப் பார்த்து ஓடும் எங்கள் ஓரியன்டீரிங் சங்கத்தை வைத்துச் சமாளித்தாள். தேநீர்ப் பானையின் மூடி காணாமல் போன வழக்கு, தலைவரின் நாற்காலியில் ஜாம் இருந்த வழக்கு இரண்டும் அவள் துப்பறிந்தவை. நான் அவளுடைய உதவியாளன். பை தூக்குவதும் தேவையில்லாததைப் பேசுவதும் என் பொறுப்பு.

சாண்ட்விச்சைச் சுற்றும்போது தொலைபேசி அடித்தது.

“மேவிஸ், உடனே கிளம்பி வா.” சங்கத் தலைவர் ஜெரால்ட் ஆப்பிள்யார்ட். காலை வணக்கத்தைக்கூட முன்மொழிந்து வழிமொழிய ஆள் தேடுகிறவர். “யாரோ நாடாவைப் பிடுங்கியிருக்காங்கன்னு வில்ஃப் சொல்றான். சிலதை இடம் மாத்தியிருக்காங்களாம். சாயங்காலத்துக்குள்ள நீ கையெழுத்துப் போடலைன்னா நாளைக்குப் போட்டி இல்லை. போட்டி இல்லைன்னா வில்ஃபும் இல்லை. போன வருஷமே சொல்லிட்டோம்.”

எங்கள் போட்டியில் ஓடுகிறவர்கள் மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு, மேட்டுவெளியில் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் கொடிகளை வரிசையாகத் தேடித் தொட்டுவிட்டு வரவேண்டும். முதலில் வருபவருக்கு திருமதி ஆப்பிள்யார்ட் செய்த ஆப்பிள் ஊறுகாய் ஒரு பாட்டில். வென்றவர்கள் அதை மறுவருஷப் பரிசுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது மரபு. கொடி எங்கே நிற்கும் என்பது பரம ரகசியம். இடத்தைத் தீர்மானிப்பவன் பாதை வகுப்பவன். அது வில்ஃப் சக்டன். அவன் முதலில் ஒவ்வொரு இடத்திலும் விரல் நீள நாடா ஒன்றைக் கட்டுவான். சரிபார்ப்பவர் நடந்துபோய் ஒவ்வொன்றையும் பார்ப்பார், அது மேவிஸ். அதன் பிறகுதான் குச்சி, அதன் பிறகுதான் கொடி.

போன வருஷம் ஒரு கொடி தவறான பாறையில் நின்றது. நீண்ட பாதை முழுவதும் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் சரிபார்ப்பவர் ஜெரால்ட். கார் நிறுத்தும் வயலில் இருந்தபடி பைனாகுலரில் சரிபார்த்தார். நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறவில்லை. வில்ஃபின் பெயர்தான் ஏறியது. இன்னொரு முறை நடந்தால் வில்ஃப் ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது என்று செயற்குழு கருதியது. வில்ஃபுக்கு மனைவி கிடையாது, நாய் கிடையாது. வருஷம் முழுக்கச் சமையல் மேசையில் மேப்பை விரித்து, ஓடுகிறவர்களை எந்தச் சேற்றில் இறக்கலாம் என்று யோசிப்பதுதான் அவன் வாழ்க்கை.

மேவிஸ் தொலைபேசியை வைத்தாள். கிளம்பும்போது நான்தான் ஞாபகப்படுத்தினேன். “உன் அட்டையை மாட்டிக்கலையா? அலுவலர் எல்லாரும் நெஞ்சுல பேர் அட்டையோட திரியணும்னு சட்டம்.”

‘சரிபார்ப்பவர்’ என்று எழுதிய அவளுடைய அட்டை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பல் டாக்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அதுக்கு அங்கே வேலை இருக்கு,” என்றாள்.

க்ரோடேல் மேட்டின் அடிவாரத்து வயலில் ஜெரால்ட் மஞ்சள் சட்டையில் நின்றார். இடது மார்பில் ‘தலைவர்’ அட்டை, வலது மார்பில் ‘பாதுகாப்பு அலுவலர்’ அட்டை. அவருக்குப் பின்னால் வாடகைக் கழிப்பறைகள் இரண்டு. மேற்கேயிருந்து வீசும் மேல்காற்றில் அவற்றின் கதவுகள் திறப்பதும் அறைவதுமாக இருந்தன.

“என்ன ஜெரால்ட், கதவு ரெண்டும் காத்தைப் பாத்து வாயைப் பொளந்துட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“கிழக்கைப் பாத்துதான் வச்சிருக்கேன். மேல்காத்து உள்ள போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். நானே காம்பஸ் பிடிச்சு நிறுத்தினேன்.”

“அப்ப தீர்மானத்தோட நகல் காத்துக்குப் போய்ச் சேரலை.”

டமார் என்றது கதவு. ஜெரால்ட் என்னை விட்டு மேவிஸிடம் திரும்பினார். “அஞ்சு மணி வரைக்கும் டைம். வில்ஃபுக்கு ஒரு சின்ன நினைவுப் பரிசு கார்ல ரெடியா இருக்கு. வெள்ளிக் கோப்பை. ‘அன்புடன் விடைகொடுக்கிறோம்’னு பொறிச்சாச்சு. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?”

“வழக்கு முடியறதுக்குள்ள கருமாதிக்குச் சொல்லியாச்சா?” என்றாள் மேவிஸ்.

வில்ஃப் கல்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் இஞ்சிக் கேக். கடித்த தடம் இல்லை. வில்ஃப் கேக்கைக் கடிக்காமல் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

“சொல்லு வில்ஃப்.”

“மேட்டை வச்சிருக்கிற எஸ்டேட்டுல வியாழக்கிழமைதான் உள்ள விட்டாங்க. அன்னைக்கே கட்டினேன். ஒரே பனி. நீட்டின கை தெரியலை. காம்பஸ் ஊசியை நம்பித்தான் நடந்தேன். இன்னைக்குக் காலையில குச்சி நடப் போனா சில இடத்துல நாடாவே இல்லை. சிலது வேற கல்லுல இருக்கு. யாரோ வேலை பண்ணியிருக்காங்க.”

“எந்தெந்த இடம்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்.”

“நான் செய்யலை,” என்றாள் மேவிஸ்.

வில்ஃப் தன் பூட்ஸைப் பார்த்தான்.

“சந்தேகப்படறதுக்கு ரெண்டே பேரு,” என்றேன். “ஒருத்தர் துப்பறியறவங்க. இன்னொருத்தர் புகார் கொடுத்தவர். சிக்கனமான வழக்கு.”

குச்சிகளை எடுத்துக்கொண்டு மேலே ஆட்டுப்பட்டியில் காத்திருக்கும்படி வில்ஃபை அனுப்பிவிட்டு, மேவிஸ் மேப்பை விரித்தாள். நாங்கள் ஏறினோம்.

சுவரை ஒட்டிக் கட்டியவை எல்லாம் சரியாக இருந்தன. சுவர் மூலையில் ஒன்று. ஓடைகள் கூடும் இடத்தில் ஒன்று. இடிந்த கொட்டகையில் ஒன்று. அதோடு சுவர் முடிந்தது. அப்புறம் காய்ந்த ஹெதர் புதரும் கருஞ்சேறும், ஒரே அச்சில் வார்த்த பாறைகளும்தான். மேவிஸ் கண்ணாலும் ஊசியாலும் மாறி மாறிப் பார்த்து ஒரு பாறைக்கு வந்தாள். சரியான பாறை. நாடா இல்லை.

அவள் அங்கேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு நேராக மேற்கே நடந்தாள். கூப்பிடு தூரத்தில் இன்னொரு பாறை. அதில் நாடா சமர்த்தாகக் கட்டப்பட்டிருந்தது.

“வில்ஃப் முடிச்சு,” என்றாள். “இதை யாரும் அவுத்துக் கட்டலை.”

அடுத்த இடத்திலும் நாடா இல்லை. மேற்கே போனோம். ஒரு புதரில் முடிச்சு மட்டும் இருந்தது; நாடாவைக் காணோம்.

“ஆடு,” என்றேன்.

“ஆடு தின்னா நார் நாராத் தொங்கும். இது கத்தியில வெட்டினது.”

“கத்தி வச்சிருக்கிற ஆடு?”

“அப்படி ஒண்ணு இருந்தா இந்நேரம் செயற்குழுவுல சேத்திருப்பாங்க.”

அதற்கடுத்ததும் மேற்கே. அப்புறம் பாதை திரும்பித் தெற்கே இறங்கியது. அங்கேயும் முடிச்சு மேற்கேதான் கிடைத்தது. மேவிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கசாப்புக் கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற முகம்.

ஹெதரைக் கிழித்துக்கொண்டு நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. எஸ்டேட்டின் வேட்டைக் காவலர் ராட்னி. எங்கள் மீது அவருக்குள்ள பாசம் ஊரறிந்தது.

“ஏம்மா, மறுபடியும் என் காட்டுக்கோழிங்களை விரட்ட வந்தாச்சா?”

“சுடறதுக்குத்தானே வளக்கிறீங்க,” என்றேன். “நாங்க விரட்டினா அதுங்களுக்கு ஆயுசு கெட்டி.”

“உங்க வீட்டுக்காரரு எப்பவும் இப்படித்தானா?”

“கட்டின நாள்லேருந்து,” என்றாள் மேவிஸ். “ரிப்பேர் பண்ண ஆள் கிடைக்கலை. ராட்னி, நேராவே கேக்கறேன். எங்க நாடாவைத் தொட்டீங்களா?”

ராட்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களை விரட்டணும்னா நான் எதுக்கும்மா குனிஞ்சு குனிஞ்சு ரிப்பன் அவுக்கணும்? எஸ்டேட்டுக்கு ஒரு போன் போட்டா மூட்டை கட்டிடுவீங்க. ரிப்பன் வேலை உங்க ஆளு வேலை. விடியறப்ப கத்தியும் கையுமா சுத்தினாரே, அந்தத் தாடிக்காரரு.”

“வில்ஃபா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“பேரு தெரியாது. வியாழக்கிழமையும் பாத்தேன். பனியில வழி தெரியாம வண்டியை நிறுத்திட்டு நின்னேன். உரசற மாதிரி பக்கத்துல போனாரு, என்னைக் கவனிக்கலை. காம்பஸை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, சர்ச்சுல மெழுகுவத்தி கொண்டுபோறவரு மாதிரி. நூல் பிடிச்ச நடை. அட்டை மாட்டியிருந்தாரு, அதனால விட்டுட்டேன். அட்டை இல்லாதவங்களைத்தான் கீழ இறக்கச் சொல்லி உத்தரவு.” அவர் மேவிஸின் மேலங்கியைப் பார்த்தார். “உங்க அட்டை எங்கேம்மா?”

“வீட்டுல, பல் டாக்டரைப் பிடிச்சுட்டிருக்கு.”

ராட்னி அதை யோசித்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். “முடிஞ்சுது, மேவிஸ். வெட்டினது வில்ஃப்தான். ஜெரால்ட் இன்னைக்கே கோப்பையைக் கொடுத்து அவனை அனுப்பிடுவாரு.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சதுர சாண்ட்விச்சை எடுத்தாள். “வெட்டினது யாருங்கிறது சின்னக் கேள்வி. மேற்கே கட்டினது யாருங்கிறதுதான் பெரிசு. காத்து தள்ளினா நாடா எங்கே போகும்?”

“கிழக்கே.”

“கெட்ட எண்ணத்தோட ஒருத்தன் மாத்தினா?”

“மனசுபோல எங்கேயும்.”

“இங்கே வடக்கே ஏறினப்பவும் மேற்கே. தெற்கே இறங்கினப்பவும் மேற்கே. கெட்டவனா இருந்தாலும் நடுவுல ஒரு தடவை அலுத்துப்போய்க் கிழக்கே கட்டிடுவான். புத்தி தடுமாறினவனா இருந்தா அங்கேயும் இங்கேயும் கட்டுவான். ஒரே பக்கமா இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண மனுஷனால முடியாது, ஹெட்லி.”

“பின்னே யாரால முடியும்?”

“மனுஷன் இல்லை. சாமான்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சுவரோரம் இருந்ததெல்லாம் ஏன் சரியா இருக்கு? அங்கே சுவரைப் பாத்தே நடக்கலாம். வெளியிலதான் ஊசி வேணும்.”

ஆட்டுப்பட்டியின் உள்ளே, காற்று படாத மூலையில், வில்ஃப் குச்சிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து மேவிஸின் முன்னால் கல்லின் மேல் வைத்தான். அதன் பக்கத்தில் வெட்டிய நாடாக்களை ஒரு பிடி வைத்தான்.

“ராட்னி வண்டி சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு,” என்றான். “நான்தான் வெட்டினேன். மிச்சத்தையும் வெட்டியிருப்பேன். அதுக்குள்ள கீழ வயலுக்கு ஜெரால்ட் வந்துட்டாரு.”

“ஏன்?”

வெளியே ஓர் ஆடு இருமியது.

“என் அண்ணன் ஆர்னல்டை ஞாபகம் இருக்கா, மேவிஸ்?”

“இருக்கு.”

“கெட்டிலைத் துணி அலமாரியில வச்சான். அதுதான் ஆரம்பம். எல்லாரும் சிரிச்சோம். கடைசியில என்னைப் பாத்து, ‘தபால் இருந்தா திண்டுல வச்சுட்டுப் போங்க’ன்னான்.” வில்ஃப் தாடியைத் தடவிக்கொண்டான். “போன வருஷம் ஒரு பாறை தப்பு. யாருக்கும் நடக்கும்னு விட்டேன். இன்னைக்குக் காலையில பனி விலகினதும் பாக்கறேன், வெளியில கட்டினது அத்தனையும் தப்பு. ஊசி காட்டின வழியிலதான் நடந்தேன். ஊசி பொய் சொல்லாது. அப்ப கோளாறு எங்கே?” விரலால் நெற்றியைத் தட்டினான். “யாரோ மாத்திட்டாங்கன்னு சொன்னா இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும்னு பாத்தேன். மேப்பும் இல்லைன்னா அப்புறம் நான் வீட்டுல உக்காந்து கெட்டில் எங்கே இருக்குன்னு தேடிட்டிருக்கிறதுதான்.”

மேவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்ததை அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

“பொய் சொன்னதுக்கு அப்புறமாத் திட்டறேன்,” என்றாள் வில்ஃபிடம். “இப்ப எந்திரி. வெளியே வா. வியாழக்கிழமை எப்படி நடந்தியோ அதே மாதிரி நில்லு.”

அவன் எழுந்து வந்து நின்றான். காம்பஸை நெஞ்சுக்கு நேரே பிடித்தான். ராட்னி சொன்னது சரி, மெழுகுவர்த்தி பிடிப்பவரேதான்.

“வடக்கைக் காட்டு.”

ஆட்டுப்பட்டி வாசலில் நின்றால் ஸ்கிர்க்லி தேவாலயக் கோபுரம் நேர் வடக்கே தெரியும். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்போம். வில்ஃப் ஊசியைப் பார்த்தான், கையை நீட்டினான். விரல் கோபுரத்துக்கு நன்றாக இடதுபக்கம், வெறும் மேட்டைக் காட்டியது.

“பாத்தியா? பாத்தியா, மேவிஸ்?”

“பாத்தேன். ஆடாம நில்லு. காம்பஸைக் கீழே இறக்காதே.”

அவள் அவன் மார்பில் கை வைத்து, ‘பாதை வகுப்பவர்’ என்ற அட்டையைப் பற்றி இழுத்தாள். அட்டை ஒரு கையோடு வந்தது. மேலங்கிக்கு உள்ளே அதைக் கவ்விக்கொண்டிருந்த தகடு டக்கென்று கழன்று விழுந்தது. அதையும் எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

ஊசி, எஜமானன் குரல் கேட்ட நாய்போலத் திரும்பி, கோபுரத்தைப் பார்த்து நின்றது.

மேவிஸ் அட்டையோடு பக்கத்தில் வந்தாள். ஊசி மேற்கே போனது. தள்ளிப் போனாள். வடக்கே வந்தது. மறுபடி வந்தாள், மறுபடி போனாள். எழுபது வயதான இரண்டு ஆண்கள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம்.

“காந்தம்,” என்றாள். “ஸ்கிர்க்லியில ஒரு கசாப்புக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தான். யாருக்கு நிறுத்தாலும் ஒரே அளவு குறையும். அதை வச்சுத்தான் பிடிச்சேன். மனுஷன் கை தப்பு பண்ணா முன்னே பின்னே இருக்கும். எப்பவும் ஒரே பக்கம் சாஞ்சா உள்ள காந்தம் இருக்கு. இது உன் நெஞ்சோடயே திரும்பறதால, நீ தெற்கே பாத்து நடந்தாலும் மேற்கேதான் தள்ளும். போன வருஷம் அட்டை வந்துச்சு. போன வருஷம்தான் உன் முதல் தப்பு.”

அட்டையைக் குண்டூசியால் குத்தினால் மழைக்கோட்டில் ஓட்டை விழுகிறது என்று போன வருஷம் ஒரு புகார் வந்தது. நவீனமான தீர்வு ஒன்றை ஜெரால்ட் கொண்டுவந்தார். காம்பஸை நம்பிப் பிழைக்கும் ஒரு சங்கம், தன் அலுவலர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு காந்தத்தை ஒட்டுவதென்று ஒருமனதாக முடிவெடுத்தது. அன்றைய கேக் மிக நன்றாக இருந்ததாகவும் நடவடிக்கைக் குறிப்பு சொல்கிறது. மற்ற அலுவலர்களில் மேவிஸ் அட்டை மாட்டுவதில்லை, மீதிப் பேர் கார் நிறுத்தும் வயலைத் தாண்டுவதில்லை. வில்ஃப் ஒருவன்தான் அட்டையோடு பனிக்குள் போனான். விதி என்றால் விதி என்று நினைக்கிறவன்.

“அப்ப நான்...” என்று ஆரம்பித்தான் வில்ஃப்.

“நீ முட்டாள்,” என்றாள் மேவிஸ். “ஆனா அதே பழைய முட்டாள்தான். புதுசா ஒண்ணும் ஆயிடலை.”

வில்ஃப் சுவரில் சாய்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு நடுவில் எங்கேயோ வேறொன்றாக மாறியது. நாங்கள் இருவரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெல்லுகிற சத்தம் கேட்டது. இஞ்சிக் கேக்.

“நீ ஒண்ணும் சொல்லலையா?” என்று மேவிஸ் என்னிடம் கேட்டாள்.

“சொல்றதுக்கு இருந்ததையெல்லாம் ஆடு தின்னுடுச்சு.”

மதியம் முழுக்க மூவரும் நடந்தோம். யார் நெஞ்சிலும் அட்டை இல்லை. வில்ஃபுடையதை நான் ஒரு முயல் வளையில் போட்டேன். வில்ஃப் முன்னால் போனான். ஊசியை ஒரு தடவை பார்த்தால் தலையை நிமிர்த்தி நடந்துவிடுவான். மேவிஸ் பின்னால் சரிபார்த்தாள். ஒரு நாடாவும் ஒரு கை அகலம்கூடத் தவறவில்லை. கடைசிக் குச்சியை நட்டபோது அவள் சொன்னாள்: “இந்தச் சேத்துல இறக்கிவிட்டா ஜனங்க உன்னைச் சபிப்பாங்க, வில்ஃப்.” அவன் முகம் மலர்ந்தது. பாதை வகுப்பவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இறங்கியபோது ஜெரால்ட் கோப்பைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உரையை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிற உதட்டசைவு.

“கையெழுத்துப் போட்டுட்டேன்,” என்றாள் மேவிஸ். “எல்லாம் சரியான இடத்துல இருக்கு.”

“அப்ப நாடாவை வெட்டினது யாரு?”

வில்ஃப் வாயைத் திறந்தான். மேவிஸ் அவன் காலை மிதித்தாள்.

“காந்தம்.”

“காந்தம் எப்படி வெட்டும்?”

“அதைச் செயற்குழுவுல விவாதிங்க. ஜெரால்ட், உங்க காம்பஸ் இருக்கா? கிழக்கைக் காட்டுங்க பாப்போம்.”

தலைவரிடம் கேள்வி கேட்கலாம், தேர்வு வைக்கலாமா என்ற தயக்கம் ஒரு கணம் அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு காம்பஸை எடுத்து, ‘தலைவர்’ அட்டைக்கும் ‘பாதுகாப்பு அலுவலர்’ அட்டைக்கும் நடுவில் வாகாகப் பிடித்தார். கவனமாகத் திருப்பினார். கழிப்பறைக் கதவுகளைக் கடந்து, வயலைக் கடந்து, நிச்சயமாகக் கையை நீட்டினார்.

“அதோ.”

“ஜெரால்ட்,” என்றேன், “உங்க கிழக்குல சூரியன் அஸ்தமிச்சுட்டிருக்கு.”

டமார் என்றது கதவு.

ஜெரால்ட் கையை இறக்கவில்லை. சூரியன் தன் தவறை உணரக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பவர்போல நின்றார். “அது என்ன பெட்டி?” என்று வில்ஃப் வெகுளியாகக் கேட்டபோதுதான் அவருக்கு உயிர் வந்தது. “ஒண்ணுமில்லை, ஊறுகாய்,” என்றார்.

அடுத்த கூட்டத்தில் விஷயம் விரிவாக ஆராயப்பட்டது. அட்டைகள் நிறைய மிச்சம் இருந்ததால் தூக்கிப் போட மனம் வரவில்லை. எனவே, அட்டை அணிந்திருக்கும் நேரத்தில் அலுவலர்கள் காம்பஸைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. பிறர் சொல்லிக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கொடிகளைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. கழிப்பறைகளைப் பற்றி வந்தது. சேற்றைப் பற்றி வில்ஃபை நேரில் திட்டிவிட்டுப் போனவர்களை அவன் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி அனுப்பினான். நானும் ஓடினேன். எல்லாரும் தேநீர் குடித்துக் கிளம்பிய பிறகு வயலுக்குள் வந்தேன். மேவிஸ் தொப்பியோடு முடிவுக் கோட்டில் நின்றிருந்தாள்.

“கொடியெல்லாம் அதது இடத்துலதான் இருந்துச்சு,” என்றாள். “அப்புறம் உனக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு நேரம்?”

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சொன்னேன், அவள் சிரித்தாள்.

வில்ஃப் இன்னும் பாதை வகுக்கிறான். கெட்டில் அடுப்பின் மேல்தான் இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் தகவல் சொல்கிறான். சரிபார்க்க வேறொருவர் வருகிறார், நல்ல மனிதர், முழுக்க நடந்து பார்க்கிறார். கடைசி ஆள் வந்து சேரும்வரை முடிவுக் கோட்டுக் கம்பங்களைப் பிடுங்குவதில்லை என்பது எங்கள் வழக்கம். இந்த இலையுதிர் காலத்திலும் கம்பங்கள் வெகுநேரம் நின்றன. வில்ஃப் அவற்றின் பக்கத்தில் நின்றான்.

நான்தான் கடைசி.